போக்கரில் பிளாப்புக்கு (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) முன் வரும் ரெய்ஸை (பந்தயத்தை உயர்த்துவது) எப்போது கால் செய்வது (அதே தொகையைப் போட்டுத் தொடர்வது)?

நண்பர்களே, டெக்சாஸ் ஹோல்டெமில் ஒரு குழப்பம். ஆன்டி (எல்லோரும் முன்கூட்டியே போடும் தொகை) இல்லாத மேசை, நான் பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே 1 பிளைண்ட் கட்டாயமாகப் போடுபவர்). பட்டனில் (டீலர் இடத்தில்) இருப்பவர் 2.5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், அரை பிளைண்ட் போட்ட ஸ்மால் பிளைண்ட் ஃபோல்டு (சீட்டை மடக்கி விலகல்). நான் இன்னும் 1.5 போட்டால் பாட் (நடுவில் சேரும் மொத்தத் தொகை) 5.5 ஆகும், சுமார் 27 சதவீத வெல்லும் வாய்ப்பே போதும். கணக்கு சரி, ஆனால் பிளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நானே முதலில் பேச (முடிவு சொல்ல) வேண்டும். அங்கேதான் சில்லுகள் கரைகின்றன.

கிங்-ஜாக் வந்தால் கை தானாகவே கால் செய்துவிடுகிறது (கெட்ட பழக்கம்தான்). பிளாப்பில் கிங் விழுந்தும் தோற்கிறேன், எதிரில் ஏஸ்-கிங். பிளாப்புக்கு முன் முதலில் பேசும் இடங்களிலிருந்து ரெய்ஸ் வந்தால் கிங்-ஜாக்கை மடக்கிவிடலாமா?

அப்புறம், சின்ன ஜோடிகள். பிளாப்பில் செட் (கையிலுள்ள ஜோடியோடு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) கிடைப்பது ஏறக்குறைய 12 சதவீதம்தான். இருவரிடமும் எவ்வளவு சில்லு இருந்தால் கால் செய்வீர்கள்?