பாக்கெட்டில் விழுந்த பிறகும் ஸ்பிளிட்: உங்களை உறுத்துவது எது?

(டென்பின் பவுலிங் பற்றிய உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர். பின்களின் எண், முன்னாலிருந்து பின்னால், இடமிருந்து வலம்: 1; 2, 3; 4, 5, 6; 7, 8, 9, 10.)

பத்தாவது ஃபிரேம்
8-10 ஸ்பிளிட், அதாவது நடுவில் இடைவெளி விட்டு நிற்கும் பின்கள். பந்து 1-க்கும் 3-க்கும் நடுவில், லேனின் 17-ஆம் போர்டை (பலகைக் கீற்றை) ஒட்டி, அதாவது பாக்கெட்டில்தான் விழுகிறது. எட்டுப் பின் சரிகிறது. கடைசி வரிசையில் 8-உம் 10-உம் மட்டும் ஆடக்கூட இல்லை. கண்ணில் நிற்பது 5 பின் போன வழிதான்: 8-இன் இடது பக்கத்தை உரசாமல், விரற்கடை தூரத்தில் தாண்டிப் போகிறது. ஹெட்பின்னை (1-ஐ) நெற்றிப்பொட்டில் அடித்து 4-6-7-10 வாங்கினால் காரணம் கேட்கவே வேண்டாம், தப்பு கண்முன்னே தெரியும். இது நல்ல அடி. இதற்கு ஏன் ஸ்பிளிட்? (எல்லாம் வலக்கைக் கணக்கு. இடக்கைக்காரர்கள் 7-9 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.)

நாற்பதடி
5 பின்னைப் பார்த்தீர்கள் அல்லவா, விடை அதிலேயே இருக்கிறது. சுத்தமான ஸ்ட்ரைக்கில் (முதல் பந்திலேயே பத்தும் விழுவது) பந்து தொடுவது நான்கே பின்: 1, 3, 5, 9. மற்ற ஆறையும் பின்களே பார்த்துக்கொள்ளும். 1 போய் 2-ஐ, 2 போய் 4-ஐ, 4 போய் 7-ஐத் தள்ளும். 3 போய் 6-ஐ, 6 போய் 10-ஐ. 8-க்கு 5-ஐ விட்டால் வேறு ஆள் கிடையாது.

பந்து நுழையும் கோணம் குறைவாக இருந்தால், 1-உம் 3-உம் அதை வலப்பக்கம் ஒதுக்கிவிடும். ஒதுங்கிய பந்து 5-ஐ வலது ஓரத்தில் மட்டும் சீண்டும். ஓரத்தில் அடிபட்ட பின் பக்கவாட்டில்தான் ஓடும், அதனால் 8-ஐத் தாண்டிவிடும். 10 நிற்பதும் இதே கதை. 3 நேராகப் பின்னால் போகிறது, 6-ஐ ஓரத்தில் தொடுகிறது, 6 படுத்தபடியே 10-க்கு முன்னால் கட்டரில் (லேன் ஓரப் பள்ளத்தில்) போய்க் கிடக்கிறது. இரண்டு பின், ஒரே நோய்.

பாக்கெட்டுக்கு நல்ல கோணம் 6 டிகிரி அளவு என்பார்கள். ஹூக் (சுழற்சியால் வரும் வளைவு) இல்லாத நேர்ப்பந்தை லேனின் வலது ஓரத்திலிருந்தே போட்டாலும் ஒன்றரை டிகிரியைத் தாண்டாது. 60 அடிக்கு வெறும் 17 அங்குலம் விலகினால் வேறு என்ன கிடைக்கும்? போர்டு சரியாக இருந்தது, கோணம் இல்லை. அதை நல்ல அடி என்று சொல்ல முடியாது.

ஆயில் கணக்கு
நாற்பதடி சொல்வது பாதிதான் சரி. நன்றாக ஹூக் போடுகிறவர்களுக்கும் 8-10 வருகிறதே? மூன்றாவது கேம் ஆகும்போது லேனின் முன்பகுதியில் பந்தை வழுக்கவைக்கும் ஆயில் தேய்ந்துபோயிருக்கும். பந்து 30 அடியிலேயே பிடித்துத் திரும்பத் தொடங்கும். பார்க்கிறவருக்குப் பெரிய ஹூக் போலத் தெரியும். ஆனால் பின்னைத் தொடுவதற்குள் பக்கச் சுழற்சி தீர்ந்து, பந்து வெறுமனே நேராக உருண்டு போய்ச் சேரும். 15 பவுண்டு பந்தாக இருந்தாலும் அந்த நிலையில் மூன்றரை பவுண்டு பின் அதை ஒதுக்கிவிடும்.

கண்டுபிடிக்க வழி: பின்னைப் பார்க்காதீர்கள், கடைசி ஐந்து அடியில் பந்தைப் பாருங்கள். இன்னும் வளைகிறதா, கோடு போட்டதுபோல் நேராகப் போகிறதா? நேராகப் போனால் கையில் குற்றமில்லை. காலை இடப்பக்கம் 2 போர்டு, குறியை 1 போர்டு நகர்த்தி, ஆயில் மிச்சமிருக்கும் இடத்தில் போடுங்கள். அதிலும் தீராவிட்டால் பாலிஷ் போட்ட, தாமதமாகத் திரும்பும் பந்துக்கு மாறுங்கள். இங்கே பலர் செய்கிற தப்பு, 8-10 வந்ததும் இன்னும் முரட்டுப் பந்தை (பிடிப்பு அதிகமான பந்தை) எடுப்பது. அது இன்னும் முன்னாலேயே பிடிக்கும், இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். மணிக்கட்டை இன்னும் திருகுவதும் அப்படித்தான். வேகத்தைக் குறைத்தால் கதை இன்னும் மோசம்.

முக்கோணம்
பத்தாவது ஃபிரேம் 4-6-7-10-ஐ ஒரு வரியில் தள்ளியது சரியில்லை. நெற்றிப்பொட்டில் அடித்தால் ஏன் பத்தும் விழக்கூடாது? அதைக் கேட்காமல் விட்டால் பாக்கெட் ஏன் பாக்கெட் என்பதே புரியாது.

பின்களுக்கு நடுவே 12 அங்குலம். பந்தின் விட்டம் எட்டரை அங்குலம், பின்னின் பருத்த இடம் நாலே முக்கால். பந்தின் மையமும் பின்னின் மையமும் 6.6 அங்குலம் நெருங்கும்போது அடி விழும். 2 பின் நடுக்கோட்டிலிருந்து 6 அங்குலம் தள்ளி நிற்கிறது. ஆகவே நடுவில் நேராக வரும் பந்து 2-இன் உள்பக்கத்தை மயிரிழையில்தான் தொடும். 4-ஐ வீழ்த்த 2 போக வேண்டியது 30 டிகிரியில். போவதோ 60-க்கும் மேலே. 4-க்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் கட்டருக்கு ஓடிவிடும். வலப்பக்கம் 3-உம் அதே மாதிரி 6-ஐ ஏமாற்றும். பந்து தனக்கு நடுவில் ஒரு சந்து வெட்டிக்கொண்டு போகிறது, இரு கரையிலும் இரண்டிரண்டு பின். பந்து ஹூக்கோடு நெற்றியில் விழுந்து இடப்பக்கம் போனால் 9-உம் மிஞ்சி, ஐந்து பின் நிற்கும்.

கட்டர் ஓரம்
எல்லோரும் ஸ்பிளிட் வருவதைச் சொல்கிறீர்கள், அடுத்த பந்தில் அதை எடுப்பதை யாரும் சொல்லவில்லை. 4-6-7-10-ஐயாவது எடுக்க ஒரு பாதை உண்டு: பந்து 4-இன் இடது ஓரத்தை மெல்லச் சீண்டி 7-ஐ எடுக்க வேண்டும், 4 குறுக்கே ஓடி 6-உம் 10-உம் விழ வேண்டும். கிடைக்கிற இடம் மூன்று மில்லிமீட்டர் அளவு, ஆனாலும் பாதை இருக்கிறது.

7-10-இல் அதுவும் இல்லை. 7-ஐ 10-இன் பக்கம் குறுக்கே ஓட்டப் பந்தின் மையம் லேனின் நடுக்கோட்டிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். லேனோ 21 அங்குலத்தில் முடிந்துவிடுகிறது. பந்து கட்டரில் விழுந்தபின் பின்னைத் தொட்டால் கணக்கில் சேராது. அதனால் ஒரு பின் பக்கச் சுவரிலோ பின்திரையிலோ மோதித் திரும்பி வந்தால்தான் உண்டு. அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் அதை முதலில் செய்தவர் மார்க் ராத், 1980 ஜனவரி 5, கலிபோர்னியாவின் அலமேடாவில். பிறகு 1991-இல் இரண்டு பேர். அதற்கடுத்து 2021-இல் ஆன்டனி நியூயர் செய்யும்வரை முப்பது வருடம் யாருமில்லை. கயிறு கட்டிய பின் எந்திரங்களில் நடப்பதை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே ஒரு கயிறு இன்னொரு பின்னை இழுத்துவிடலாம்.

ரேக்
ஒன்று விட்டுப்போயிற்று. 5 பின் தன் இடத்திலிருந்து அரை அங்குலம் விலகி நின்றால் நாற்பதடியின் கணக்கு முழுதும் மாறும். போடுவதற்கு முன் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். முதல் பந்துக்குப் பிறகு நகர்ந்து நிற்கும் பின் நகர்ந்த இடத்திலேயே நிற்கும், யாரும் திருத்த முடியாது.

பத்தாவது ஃபிரேம்
முக்கோணம் சொன்னது சரி, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆயில் கணக்கின் ஐந்தடிச் சோதனைக்கு நன்றி. 8-10 நின்றுவிட்டால் ஒரு பின்னாவது எடுக்க எதைக் குறிவைப்பது, 8-ஆ 10-ஆ?

நாற்பதடி
8. பிளாஸ்டிக் பந்து, நேராக. 10 கட்டருக்கு இரண்டரை அங்குலத்தில் நிற்கிறது, 8-க்கு இரு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது.