மறு: ஹேண்ட் பிரேக் விளக்குக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

> மொறிஸ் மைனருக்குத் தமிழில் வயறிங் குறிப்பு எழுதுகிறேன். ஹேண்ட் பிறேக் போட்டிருந்தால் எரிகிற லைற் அந்தக் காரில் இல்லை, புதிதாகப் பூட்ட வேண்டும். "கைத்தடை எச்சரிக்கைக் காட்டி" என்று எழுதினேன். வாசிக்கவே மூச்சு வாங்குகிறது.

ஐயா, நீளம் மட்டும் காரணமில்லை. மூன்று சொல்லும் மூன்று விதமாக இடிக்கின்றன.

தடையை எடுத்துக்கொள்வோம். வயரிங் குறிப்பில் மின்தடை வராமல் இருக்காது. "கைத்தடைக் கம்பியில் தடை கூடினால்" என்று எழுதினால், பின்சக்கரத்தை இழுக்கிற கேபிளா, மின்சாரம் போகிற வயரா என்று வாசிப்பவர் குழம்புவார். அதைவிட வினைச்சொல்தான் எனக்கு முக்கியம். காலால் மிதிப்பதைப் 'பிரேக் பிடி', 'பிரேக் அடி' என்கிறோம். கையால் இழுப்பதை அப்படிச் சொல்வதில்லை. ஹேண்ட் பிரேக்கைப் 'போடு', 'எடு' என்போம். ஓடுவதை நிறுத்துவது வேறு, நின்றதை நகராமல் வைப்பது வேறு என்று பேச்சுத்தமிழ் ஏற்கெனவே பிரித்துவிட்டது. நம் சொல் அந்தப் 'போடு'வோடு சேர வேண்டும். 'தடை போட்டார்' என்றாலோ அரசாணைதான் நினைவுக்கு வருகிறது.

> முட்டுக்கட்டை இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

மனத்துக்குப் பிடித்த சொல். 'போடு', 'எடு' இரண்டும் பொருந்துகின்றன. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் தேர் ஓடும்போதே வேகத்தைக் குறைக்கவும் திருப்பவும் அந்தக் கட்டையைப் போடுகிறார்கள். அது போக, 'முட்டுக்கட்டை விளக்கு' என்பது அரசியல் கேலிச்சித்திரத்தின் தலைப்பு மாதிரி இருக்கிறது.

'சக்கரப் பூட்டு' வேண்டவே வேண்டாம். வண்டியைப் பூட்டு என்றால் இங்கே தமிழ்நாட்டில் கிளம்பத் தயாராகு என்று பொருள், இலங்கையிலோ பூட்டுவது என்றால் பொருத்துவது. ஒரே வாக்கியத்தில் விளக்கைப் பூட்டி, சக்கரப் பூட்டை எடுத்து... சரி, விடுங்கள்.

என் பரிந்துரை: கைத்தடுப்பு. சாலையில் தடுப்பு போடுகிறார்கள், எடுக்கிறார்கள். அதே வினை இங்கும் வரும். மின்தடையோடும் மோதாது.

அடுத்தது எச்சரிக்கை. இதைச் சுற்றமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிற்காலக் கார்கள் பலவற்றில் பிரேக் எண்ணெய் குறைந்தாலும் இதே விளக்குதான் எரியும். எண்ணெய்த் தொட்டியின் மிதவை ஆளியும் (ஆளி என்றால் சுவிட்ச்) லீவர் ஆளியும் பக்க இணைப்பில், அதாவது எது இயங்கினாலும் விளக்கு எரியும்படி இருக்கும். அங்கே 'தடுப்பு எச்சரிக்கை விளக்கு' என்பது நியாயம். மைனரில் பிரேக் எண்ணெய் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரே ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. மிதவை எதுவும் இல்லை. நீங்கள் பொருத்தும் விளக்கு 'போட்டிருக்கிறது' என்பதை மட்டும் சொல்கிறது. கார் நிற்கும்போது அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆகவே 'கைத்தடுப்பு விளக்கு' போதும். காட்டியும் வேண்டாம், இண்டிகேட்டர் என்றதும் நம் ஆட்களுக்குத் திரும்பும் விளக்குதான் ஞாபகம் வரும்.

சுவிட்சுக்கு உங்கள் இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'ஆளி'யையே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் 'நிலைமாற்றி'யை விடச் சின்னது, நல்லது. ஆனால் 'சுற்று திறக்கும்', 'சுற்று மூடும்' என்று மட்டும் எழுத வேண்டாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று பழகியவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். எரியும், அணையும் என்றே எழுதலாம்.

புழங்கிப் பார்த்தால்தானே சொல் நிற்குமா என்று தெரியும்? ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"உருகிப் பெட்டியின் (ஃபியூஸ் பாக்ஸ்) ஏ4 முனையிலிருந்து பச்சை வயரை விளக்கின் ஒரு முனைக்குக் கொடுக்கவும், சாவி போட்டால்தான் அதில் மின்சாரம் வரும். மறுமுனையிலிருந்து ஒரு வயர் ஆளிக்குப் போகிறது. கதவைத் திறந்ததும் உள்விளக்கை எரியவைக்கும் அழுத்து ஆளி இதற்குப் போதும். லீவரை முழுக்க இறக்கினால் பொத்தான் அமுங்கி விளக்கு அணையும். கைத்தடுப்பைப் போட்டால் பொத்தான் வெளியே வந்து, வயரைப் பாடியோடு சேர்க்கும், விளக்கு எரியும். லீவர் ஒரு பல் மேலே நின்றாலும் எரிகிறதா என்று பார்க்கவும். அரைகுறையாக எடுத்த கைத்தடுப்புதான் பின் டிரம்மைச் சூடாக்கும். 12 வோல்ட், 2.2 வாட் பல்பு போதும். எல்இடி என்றால் கவனம்: மைனரில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கிறது, முனை மாறினால் எரியாது."

'லீவர்', 'பாடி' இரண்டையும் வேண்டுமென்றேதான் விட்டேன். நெம்புகோல் என்றால் கடப்பாரை நினைவுக்கு வருகிறது. பாடியோடு சேர்ப்பதற்கு 'புவித்தொடுப்பு' (எர்த்) என்பது வீட்டு வயரிங்குக்குச் சரி. ரப்பர் டயரில் நிற்கிற காருக்குப் புவியோடு என்ன தொடுப்பு? பாடிக்கு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.