தைப்பூசத்துக்கு மொரீசியஸ் போகிறோம்: அந்நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்

கேள்வி (அலங்காநல்லூர்):
அனைவருக்கும் வணக்கம். மொரீசியஸில் நட்சத்திர விடுதி ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், வரும் தைப்பூசத்துக்கு எங்களை அழைத்திருக்கிறான். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கரும்பு போட்டவர்கள். கரும்பாலேயே உருவான நாடு என்று சொல்லப்படும் அத்தீவில் மக்கள் இன்று எதை நம்பிப் பிழைக்கிறார்கள், நம்மவர் நிலை என்ன, ஒரு வாரத்தில் எவற்றைப் பார்க்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (மேலூர்):
ஐயா, அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். தீவுகள் அனைத்தையும் சேர்த்தாலும் நாட்டின் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர்தான். நம் மதுரை மாவட்டத்தை விடச் சிறியது. மக்கள் 12 லட்சத்துக்குச் சற்று மேல். புயலில் சாய்ந்தாலும் மீண்டும் நிமிர்ந்துவிடும் பயிர் என்பதால் கரும்பு அங்கே நிலைத்தது, இன்றும் சாலையின் இருபுறமும் அதுதான். ஆனால் ஐரோப்பிய நாடுகள் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உறுதியான உயர்விலை 2009இல் முடிவுக்கு வந்ததால், சிறு விவசாயிகள் பலர் கரும்பை விட்டுவிட்டார்கள். ஆலைகளோ சக்கையை எரித்து மின்சாரம் எடுத்தும், வெள்ளைச் சர்க்கரையை விட நல்ல விலை போகும் பழுப்புச் சர்க்கரை வகைகளைச் செய்தும் தாக்குப்பிடிக்கின்றன. நாட்டுக்கு இன்று பெருவருமானம் தருபவை சுற்றுலா, வங்கி மற்றும் நிதித்துறை, ஆடை ஏற்றுமதி ஆகியவை.

பதில் (திருநகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
முதலில் தலைநகர் போர்ட் லூயியில் உள்ள ஆப்ரவாசி காட் என்னும் இறங்குதுறைக்குச் செல்லுங்கள். அடிமை முறை ஒழிக்கப்பட்ட காலத்தில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அந்தக் கரும்புத் தோட்டங்களில் நம் பக்கத்து மக்களும் உழைத்தார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் வந்துவிட்டார்கள். வீதியில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த பேச்சுமொழியான கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, நாடாளுமன்றத்தில் ஆங்கிலம் என்று வழங்கும் நாடு அது. ஆகவே தமிழ்ப் பெயர் கொண்டவர் தமிழில் பதில் சொல்லாவிட்டால் மனம் வருந்தாதீர்கள். தமிழ் அங்கே கோயிலிலும் பள்ளிப் பாடத்திலும் ரூபாய் நோட்டிலும் இருக்கிறது. 1998இல் வந்த நோட்டுகளில் தமிழுக்கு முன்பாக இந்தியை அச்சிட்டதற்கு எதிர்ப்பு எழுந்து, அவை திரும்பப் பெறப்பட்டன. பேச்சில் மொழியை இழந்த பின்னும் எழுத்தின் இடத்துக்காக நின்ற அந்த மக்களை நான் வணங்குகிறேன்.

பதில் (திருப்பரங்குன்றம்):
தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. காத்ர் போர்ன் ஊரில் மலையடிவாரத்து முருகன் கோயிலில் காவடி பாருங்கள். நம் குன்றத்துக்கே வந்தது போலிருக்கும். வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டையும் தவறவிட வேண்டாம். எரிமலைப் பாறை சிதைந்து பல நிறமாகிய ஷாமரேல் மண்மேடுகள், தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை, பாம்ப்ளமூஸ் தோட்டத்தின் ராட்சத அல்லி இலைகள் ஆகியவற்றுக்கு இரண்டு நாள் போதும். தைப்பூசம் வருவது அங்கே கோடையும் புயலும் சேர்ந்த பருவத்தில் என்பதால், திரும்பும் பயணச்சீட்டை ஓரிரு நாள் தள்ளி எடுங்கள். புயல் எச்சரிக்கையை நான்கு படிகளாக அறிவிப்பார்கள், மூன்றாம் படி வந்துவிட்டால் தங்கும் இடத்தை விட்டு வெளியே கிளம்ப வேண்டாம்.