சிஏஎஸ் எண் ஒன்றே போதுமாம்!

பழைய பிப்பெட்: ஆய்வு நிறுவனத்துக்குப் பொது ரசாயனப் பட்டியல் போடறதைப் பத்தி டேபிள்தங்கம் எழுதியிருக்கார்: "சிஏஎஸ் எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தர்ற அடையாள எண்) ப்ரைமரி கீயா (ஒவ்வொரு பதிவையும் தனியா அடையாளம் காட்டறது) வெச்சா எல்லா லேபுக்கும் ஒரே லிஸ்ட், வேலை முடிஞ்சுது." அபாரம்! 7647-01-0ன்னா சிலிண்டர்ல இருக்கிற ஹைட்ரஜன் குளோரைடு வாயு. 37% ஆசிட் பாட்டிலும் அதேதான். ரெண்டையும் ஒரே அலமாரியில அடுக்கப் போறீங்களா?

டேபிள்தங்கம்: செறிவுக்குப் பட்டியல்ல தனி நெடுவரிசை இருக்கு சார், படிச்சுட்டுத் திட்டுங்க. இந்த எண்ணுல செக் டிஜிட், அதாவது தப்பைக் காட்டிக் கொடுக்கிற கடைசி இலக்கம், இருக்கு. தண்ணி 7732-18-5. கடைசி 5ஐ விட்டுட்டு வலப்பக்கத்துலேருந்து 1, 2, 3ன்னு பெருக்கிக் கூட்டினா 105, அதோட கடைசி இலக்கம் 5. தப்பா அடிச்சா பெரும்பாலும் சிஸ்டமே துப்பிடும். பேரை நம்பினா அசிட்டோன், புரோப்பனோன், டைமெத்தில் கீட்டோன்னு ஒரே சரக்கை மூணு தடவை வாங்குவீங்க.

பழைய பிப்பெட்: தேடறதுக்கு வெச்சுக்கோங்க, கீயா வைக்காதீங்க. பிக்ரிக் ஆசிட் 88-89-1. தண்ணி 30%க்குக் குறையாம இருந்தா ஐநா எண் (அபாயப் பொருளை ஏத்திட்டுப் போறதுக்கான எண்) 1344, தீப்பற்றும் திடப்பொருள். காஞ்சுபோனா 0154, வெடிபொருள். சிஏஎஸ் எண் அசையாது. ரேஷன் கார்டு நம்பரைப் பார்த்து வீட்டுல யாருக்குக் காய்ச்சல்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க திட்டம். பாட்டிலுக்குத்தான் கீ: தனி பார்கோடு, லாட் (தயாரிப்புத் தொகுதி எண்), வந்த தேதி, திறந்த தேதி, இடம். திறந்து நாளானா ஈதர்லயும் டிஎச்எஃப்லயும் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும்; திறந்த தேதி இல்லாம அந்தச் சோதனையை எப்படி நினைவுபடுத்துவீங்க?

ஸ்டோர்_ரூம்: பார்கோடுன்னு சொல்லிட்டா ஆச்சா? சாதா தெர்மல் ஸ்டிக்கர்ல எத்தனால் பட்டாலே கறுத்திடும், ஸ்கேனர் படிக்காது. பாலியெஸ்டர் லேபிள், ரெசின் ரிப்பன் (லேபிள் பிரிண்டருக்கான மை நாடா) வேணும்.

பழைய பிப்பெட்: போன மாசமும் ரிப்பன்ல ஆரம்பிச்சுப் பிரிண்டர் சண்டையில முடிச்சீங்க. கீ விஷயத்துக்கு வாங்க.

ஸ்டோர்_ரூம்: அந்தச் சண்டையை ஆரம்பிச்சதே நீங்கதான்.

டேபிள்தங்கம்: காப்பர் சல்ஃபேட் நீரற்றது 7758-98-7, ஐந்து நீர் உள்ளது 7758-99-8. எண்ணே பிரிச்சுக் காட்டுது. இதுக்கு மேல என்ன வேணும்?

பழைய பிப்பெட்: தோதான உதாரணம் மட்டும் பொறுக்கறீங்க. அம்மோனியா கரைசலுக்கு ஒரு கம்பெனி 1336-21-6ன்னு அச்சடிக்கும், இன்னொண்ணு 7664-41-7ன்னு அடிக்கும். ஒரே சரக்கு, ரெண்டு கீ! லேப்ல புதுசா செஞ்ச சேர்மத்துக்கு எண்ணே கிடையாது. அங்க 99999 போடுவீங்களா?

நடுவுல_நான்: நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வேற டேபிளை (தரவுப் பட்டியலை)ப் பத்திப் பேசறீங்க. பொருளுக்கு ஒண்ணு, பாட்டிலுக்கு ஒண்ணு. எஸ்டிஎஸ் (பாதுகாப்புத் தரவுத் தாள்) சப்ளையர் வாரியா மாறும், அதைப் பாட்டில் பக்கம் கோக்கணும்.

பழைய பிப்பெட்: சமரசம் பேச வந்துட்டார். கீ எதுன்னு சொல்லுங்க, போதும்.

டேபிள்தங்கம்: சிஏஎஸ் எண்தான் கீ. எண் இல்லாததுக்கு உள்ளெண் கொடுத்தா ஆச்சு.

பழைய பிப்பெட்: பாதிக்கு அது, பாதிக்கு இது. அதுக்குப் பேர் கீயா? பழைய எக்செல்லை ஏத்தும்போது இன்னும் சிரிப்பு: டைகுளோரோமீத்தேன் 75-09-2, திறந்து சேமிச்சா எக்செல் அதைத் தேதின்னு நினைச்சு 1975 செப்டம்பர் 2ஆ மாத்திடும். அசிட்டோநைட்ரைல் 75-05-8, அது மே 8.

டேபிள்தங்கம்: நெடுவரிசையை முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்தத் தெரியாதவங்க எண்ணைத் திட்டக் கூடாது.

பழைய பிப்பெட்: ஒவ்வொரு லேப்லயும் எக்செல் திறக்கறவங்க எல்லாருக்கும் நீங்க போய் வகுப்பு எடுங்க.

ஸ்டோர்_ரூம்: ரிப்பன் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.