புற்றுநோய் மாத்திரை ஆரம்பித்தபின் வறட்டு இருமல்: பீடித்தூள்தானா?

முக்கூடல்காரன்:
அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்ததால் தினம் ஓசிமெர்டினிப் மாத்திரை 80 மில்லிகிராம். இரண்டாம் மாதம் ஓடுகிறது, கட்டியும் சுருங்கியிருக்கிறது. இப்போது திடீரென்று வறட்டு இருமல், லேசான காய்ச்சல். சளி இல்லை. சின்ன வயதிலிருந்து சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். "இது அந்தத் தூள் இருமல்தாம்ல, டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்திருவாங்க" என்கிறார். ஊர் கிளினிக்கில் டிபி மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். ரிவியூவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. காத்திருக்கலாமா?

பாளை அக்கா:
வேண்டாம் தம்பி. இன்றைக்கே புற்றுநோய் டாக்டருக்குப் போன் போடுங்கள். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இந்த மாத்திரையே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். என் வீட்டுக்காரருக்கு வந்தது. மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன், பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உட்கார்ந்திருந்தால் ஆக்ஸிமீட்டரில் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்ப்பது) 96. வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தால் 88. அம்மாவையும் நடக்கவிட்டுப் பாருங்கள். சிடி ஸ்கேனில் இரண்டு பக்கமும் தேய்த்த கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மாத்திரையை அடியோடு நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மூச்சு தேறியது, சர்க்கரை எகிறியது, அது தனிப் பாடு. இப்போது கீமோ போகிறது.

டிபி விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம். கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தா? அதில் வரும் ரிஃபாம்பிசின், ஓசிமெர்டினிப்பை ரத்தத்தில் நிற்கவிடாது. அதேபோல, டிபி நிஜமாகவே இருந்தால் ஸ்டீராய்டும் ஆபத்து. சளி வராவிட்டால் மூச்சுக்குழாயில் டியூப் விட்டு மாதிரி எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம்.

அம்பாசமுத்திரம் தங்கச்சி:
அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். டிரிப்ஸில் டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டிகான். இருமலே இல்லை, ஆனால் ஸ்கேனில் வெளுப்பு தெரிந்ததும் மருந்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். அதில் நுரையீரல் அழற்சி இன்னும் அதிகமாம்.

முக்கூடல்காரன்:
போன் போட்டேன். நடந்ததும் 90க்கு இறங்கியது என்றேன். இன்று மாத்திரை வேண்டாம், காலையில் சிடி எடுக்கக் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஒரு வேளை விட்டால் கட்டி வளர்ந்துவிடும் என்று அம்மா அழுகிறார்.

பாளை அக்கா:
ஓசிமெர்டினிப் ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு நாள் பக்கம் ஆகும். ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்லுங்கள். பழைய சிடி படங்களையும் எடுத்துப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள். ராத்திரி மூச்சு வாங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 92க்குக் கீழே போனாலோ விடியும்வரை பார்க்காதீர்கள், பாளை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.