சக்கர நாற்காலியைக் கண்டதும் போய்விடும் வாடகைக் கார்கள்: டர்பனில் என்ன வழி?

கேள்வி: சாட்ஸ்வொர்த் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு வயது 71. சர்க்கரை நோய் முற்றி, சென்ற ஆண்டு அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று முதல் சக்கர நாற்காலிதான். மாதம் இருமுறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையன்று கோயிலுக்கு அழைத்துப் போ என்று அவர் கேட்கும்போது மறுக்கவும் மனம் வருவதில்லை. எங்களிடம் கார் கிடையாது.

மினிபஸ் டாக்சி தெருமுனையிலேயே நிற்கிறது. ஆனால் படி உயரம். நாற்காலியை மடித்து உள்ளே வைத்தால் அதற்கும் ஓர் ஆளுக்கான கட்டணம் கேட்கிறார்கள். அதைக் கொடுக்க ஒப்புக்கொண்டாலும், உள்ளே இருப்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் ஓட்டுநர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார். சரி, செயலியில் காரை வரவழைப்போம் என்று சென்ற செவ்வாய்க்கிழமை வாசலில் காத்திருந்தோம். கார் தெருவுக்குள் திரும்பியது, வேகத்தைக் குறைத்தது, ஓட்டுநர் நாற்காலியைப் பார்த்தார், நிற்காமலே கடந்து போனார். அடுத்த நொடி, பயணம் ரத்து என்று கைப்பேசியில் வந்தது. இரண்டாவது காரும் அப்படியே. மூன்றாமவர் நல்ல மனிதர், இறங்கி வந்து பத்து நிமிடம் முயன்றார், ஆனால் டிக்கியில் நாற்காலி நுழையவில்லை. “நான் வரவில்லையம்மா, நீ மட்டும் போய் மாத்திரையை வாங்கி வா” என்று அத்தை சொல்லிவிட்டார்.

இப்படி மறுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா? சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நான் என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்

அனுமதிக்கவில்லை, அம்மா. நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு உடற்குறையைக் காட்டி ஒருவரைப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. அதை ஒட்டி 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சமத்துவச் சட்டம், தடையாக இருப்பதை அகற்றாமல் விடுவதையும், நியாயமான அளவில் ஏற்பாடு செய்து தராமல் இருப்பதையும்கூடப் பாகுபாடு என்றே கொள்கிறது. அரசைப் போலவே தனியாரும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே. வழக்கறிஞர் இல்லாமலே சமத்துவ நீதிமன்றத்தில் முறையிடலாம். படிவத்தை நிரப்ப அங்குள்ள எழுத்தரே உதவுவார்; நானே பலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். முதல் தோற்றத்தில் பாகுபாடு நடந்திருக்கிறது என்று நீங்கள் காட்டிவிட்டால், நடக்கவில்லை அல்லது நடந்தது நியாயமானதே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறிவிடும்.

ஆனால் சான்று வேண்டும். ரத்தான பயணத்தின் திரையை அப்போதே படம் பிடித்து வையுங்கள். வண்டி எண், நேரம், நாள் அதில் தெரிய வேண்டும். மினிபஸ் என்றால் எண்ணைக் குறித்துக்கொண்டு முதலில் அந்த வழித்தடத்தின் டாக்சி சங்கத்திடம் கொடுங்கள்.

பதில்: ஃபீனிக்ஸ் ஓட்டுநர்

ஐயா சொன்ன சட்டத்தை மறுக்கவில்லை. ஓட்டுகிறவன் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என்னைப் போன்ற பலர் ஓட்டுவது சொந்தக் கார் அன்று. வாரம் தவறாமல் உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டும். நாற்காலியை ஏற்ற பத்து நிமிடம், இறக்க பத்து நிமிடம் என்றால், அந்த நேரத்தில் ஒரு சவாரி போய்விடுகிறது. அதற்காக நிற்காமல் போனது சரியென்று சொல்ல மாட்டேன், அது அசிங்கம். ஆனால் அந்த இழப்பை யார் தாங்குவது என்பதற்கு விடை இல்லாதவரை இது நிற்காது. நியூயார்க்கில் 2015 முதல் மஞ்சள் டாக்சியின் ஒவ்வொரு பயணத்திலும் 30 சென்ட் கூடுதலாக வாங்கி, சாய்தளம் உள்ள வண்டி வாங்குகிறவருக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் அந்த நிதியிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கே 2006இல் அரசின் டாக்சிப் புதுப்பிப்புத் திட்டம் தொடங்கியபோது பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தவருக்கு 50,000 ரேண்ட் கிடைத்தது. அத்தனை பணம் செலவான பின்பும், நம் தெருவில் ஓடும் குவாண்டம் மினிபஸ்ஸில் நாற்காலியோடு ஏற வழியில்லையே! அப்போதே பத்து வண்டிக்கு ஒன்றிலாவது சாய்தளம் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு: சிறிய காரைத் தவிர்த்துப் பெரிய வகையைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநருக்கு முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள். மனமில்லாதவர் தெருமுனை வரை வராமல் அங்கேயே விலகிவிடுவார், உங்களுக்கு அரைமணி நேரம் மிச்சம். நாற்காலியின் கால்தாங்கிகளை வீட்டிலேயே கழற்றிப் பையில் போடுங்கள். சில நாற்காலிகளில் பின்சக்கரத்தின் நடுவே ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி இழுத்தால் சக்கரம் கையோடு வந்துவிடும். அப்படி வந்தால் சிறிய டிக்கியிலும் நுழையும்.

பதில்: உருளும் மனிதன்

பத்தொன்பது ஆண்டுகளாக நாற்காலியில் இருப்பவன் நான். செயலியை நம்பி மருத்துவமனை நாளைத் திட்டமிடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நண்பகல் வரை சும்மா நிற்கும் வேன்காரர் ஒருவரிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி வைத்திருக்கிறேன். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்தே பேசியதால் அவருக்கு அவசரமில்லை, எனக்கும் கூச்சமில்லை. நம் டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியில் சுகுமா என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிச் சேவை உண்டு; பெயர் பதிவைப் பற்றி மாநகரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். (சுகுமா என்றால் ஜூலு மொழியில் ‘எழுந்து நில்’. பெயர் வைத்தவரை ஒருநாள் பார்க்க வேண்டும்.)

ஒன்று மட்டும்: உங்கள் மாமியாரை ஓட்டுநர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க விடாதீர்கள், தோள்மூட்டு போய்விடும். வழவழப்பான பலகை ஒன்றை நாற்காலிக்கும் கார் இருக்கைக்கும் பாலமாக வைத்து, அவரே நகர்ந்து உட்காரட்டும். நாற்காலியின் பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள்

மிக்க நன்றி. வேன்காரர் ஒருவரை எதிர்வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார், மாலையில் பேசுகிறேன். சக்கரம் கழலும் என்பதே இன்றுதான் தெரிந்தது. ஒன்று வந்துவிட்டது, மற்றொன்று துருப்பிடித்து அசைய மறுக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

ஃபீனிக்ஸ் ஓட்டுநர்

வேண்டாம் அக்கா, பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, இரவு முழுவதும் அப்படியே வைத்துவிட்டுக் காலையில் இழுத்துப் பாருங்கள்.