ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் ‘ங்ஙீ’ சத்தம்: கார் செட்டில் கரண்ட் கோளாறு, உங்கள் அனுபவம்?

செங்கோட்டைக்காரன்:
புளியரை எஸ் வளைவில் ஏறும்போதுதான் முதலில் கவனித்தேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ங்ஙீ’ என்று சத்தம் ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. வால்யூமைக் குறைத்தாலும் அது மட்டும் குறையாது. ஆரியங்காவு போய்ச் சேருவதற்குள் தலைவலி வந்துவிடும்.

செட் போட்ட கடையில் ஃபில்டர் வாங்கி மாட்டச் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் ஃபில்டர்தான் அவர்களுக்கு! எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவே இல்லை. முதலில் ஆம்ப்பில் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பெட்டி) இருந்து, செட்டின் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரை உருவினார். சத்தம் நின்றது. “ஆம்ப் நல்லாத்தான் இருக்கு, எர்த்தைப் பாப்போம்” என்றார். ஆம்ப்பின் மைனஸ் வயரை வண்டித் தகரத்தோடு சேர்ப்பதுதான் எர்த்.

எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஆம்ப்பின் மைனஸிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்தார். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் சரியாக இருந்தால் பத்தில் ஒன்றிரண்டு வோல்ட்தான் வர வேண்டுமாம். டிக்கி விரிப்பைத் தூக்கினால், பெயின்ட்டைச் சுரண்டாமலே எர்த் போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். தென்மலைப் பக்கத்து மழை ஈரத்தில், வயர் முனையில் இருக்கும் லக் வளையத்தைச் சுற்றிச் செம்மண் பூசியதுபோல் துரு. உப்புத்தாள் போட்டுத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, லக்கை மாற்றி இறுக்கினார். மேலே கொஞ்சம் கிரீஸ். சத்தம் போயே போச்சு.

களியக்காவிளை:
எனக்கு வேறு தொல்லை அண்ணே. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வண்டியை விட்டுவிட்டு வந்து பார்த்தால் பேட்டரி காலி. பேட்டரியை மாற்றியும் அதே கதை. பாறசாலையில் ஒரு மெக்கானிக் சாவியை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஆம்ப்பைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு. “சேட்டா, இது ஓஃப் ஆகுந்நில்லல்லோ!” ஆம்ப்பை ஆன் செய்யும் இணைப்பை, செட் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் நீல ரிமோட் வயரில் கொடுக்காமல், எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் வயரில் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிய பிறகு பேட்டரி வயரோடு மீட்டரைத் தொடரில் வைத்து, நிற்கும் வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்தார். வண்டி முழுக்க உறங்கியதும் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை என்றார்.

வாளையார் லாரி:
எர்த்தை விடுங்கள், ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆம்ப்பில் இருக்கும் ஃப்யூஸ் ஆம்ப்பைத்தான் காப்பாற்றும், வயரை அல்ல. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் தனியாக ஒன்று வேண்டும். எங்கள் வண்டியில் அது இல்லை. எஞ்சின் பக்கத்துத் தகர ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை. வயர் உரசி உரசித் தோல் போய், கஞ்சிக்கோடு அருகே புகை வந்தது. பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. செங்கோட்டை அண்ணே, உங்கள் பவர் வயர் எந்த வழியாக வருகிறது?

செங்கோட்டைக்காரன்:
டிரைவர் பக்கம். ஆர்சிஏ எதிர்ப்பக்கம். ஃப்யூஸ் இருக்கிறது, ஆனால் ரப்பர் வளையத்தைப் பார்க்கவில்லை. நாளைக் காலையில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.